காசும் ஆணியும்: முத்துக் குளித்துறையில் உலோகங்காணும் கருவியின் தேர்வு

பாண்டி நாட்டுக் கடற்கரையின் பழைய வரலாற்றை ஆராய்வார்க்கு இலக்கியமும் கல்வெட்டும் சான்றாவது போலவே காசும் சான்றாகும். தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கரை கிழக்கே பெயரப் பெயரத் துறைமுகமும் உடன் பெயர்ந்தது. சங்கச் செய்யுட்களில் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை இன்று கடலினின்றும் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளடங்கிக் கிடக்கின்றது. அதற்குப்பின் காயல் தலையெடுத்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்தது அந்தக் காயலையே. பின்னர்ப் புன்னைக்காயலும், அதன் பின்னர்த் தூத்துக்குடியும் சிறப்புற்றன. ஒவ்வொரு துறையும் தன் காலத்துக் காசுகளை மண்ணில் உதிர்த்துவிட்டுப் போயிற்று. காசோடு ஆணியும், சங்கிலிக் கண்ணியும், நங்கூரத்தின் ஒடிந்த நகமும் அதே மண்ணில் கிடக்கின்றன.

மண்ணைத் தோண்டாமலே உள்ளிருக்கும் உலோகத்தை உணர்த்தும் கருவி இப்போது எளிதில் கிடைக்கின்றது. மெட்டல் டிடெக்டர் என்று பலரும் வழங்கும் அதனை யாம் உலோகங்காணும் கருவி என்போம். இஃது இரும்பை விலக்கிக் காசை மட்டும் காட்டும் என விற்போர் கூறுவர். எவ்வளவு நன்றாக அது பிரிக்கின்றது, அதனை எவ்வாறு தேர்ந்தறிவது, அங்ஙனம் பிரிப்பதால் வரலாற்றுக்கு விளைவது நன்மையோ தீமையோ என்பவற்றை ஈண்டு ஆராய்வாம். இது பௌதிகத்தார்க்கு உரிய பொருளன்றோ, தமிழாய்வு இதழில் இதற்கு இடம் என்னை என்று வினவுவாரும் இருக்கலாம். பெருவழுதி என்னும் பெயர் பொறித்த சதுரச் செப்புக்காசை எடுத்துக்காட்டிச் சங்க காலத்தைக் கணிக்க முற்படும் நாம், காசுகள் மண்ணினின்றும் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதை அறியாதிருத்தல், ஏடு பெயர்த்தெழுதியவன் எவ்வெவற்றை விட்டெழுதினான் என்று ஆராயாமலே மூலபாடத்தை வரையறுப்பதனை ஒக்கும். சுவடியில் விடுபாடு உண்டாவது போல மண்ணிலும் விடுபாடு உண்டு. அதனை உண்டாக்குவது சிலவிடத்துக் கறையான், சிலவிடத்துக் கருவி.

இக்கரையிற் கிடைக்கும் காசுகள்

கால்டுவெல் ஐயர் கொற்கையிலும் காயலிலும் தாம் செய்த அகழ்வுகளைப் பற்றி 1877இல் இந்தியன் ஆன்டிகுவரி இதழில் எழுதினார். லோவந்தால் என்னும் பாதிரியார் 1888இல் திருநெல்வேலிச் சீமைக் காசுகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் கொற்கையில் அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு கதிரியக்கக் கரி முறையால் கி.மு. 785ஐ ஒட்டியதெனக் கணிக்கப்பெற்றது. 2021இல் அத்துறையினர் மீண்டும் அங்கு அகழ்ந்தனர். கொற்கைக்கு அருகில் அக்கசாலை என்னும் ஊரும், அப்பெயரால் அமைந்த ஈசுவரன் கோயிலும் உள்ளன. அக்கசாலையென்பது பொன்வினை செய்யும் இடத்தையும் காசு அடிக்கும் இடத்தையும் குறிக்கும் சொல்லாதலின், துறைமுகத்தின் பக்கத்தே காசடிக்கும் சாலை இருந்ததெனக் கொள்ள இவ்வூர்ப் பெயர் இடந்தருகின்றது.

சங்க காலத்தைச் சார்ந்த வெள்ளி முத்திரைக் காசுகள், சதுரச் செப்புக் காசுகள், உரோமரின் சிறு செப்புக் காசுகள், பிற்காலப் பாண்டியர் காசுகள், 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் காசுகள், ஆங்கிலக் கும்பினியார் காசுகள் எனப் பலவும் இந்நாட்டில் வழங்கின. ஒல்லாந்தக் கும்பினியாரின் செப்புக்காசாகிய தொய்த் என்பதே நம் பேச்சில் துட்டு ஆயிற்று. ஆட்சி போய் இருநூறாண்டு ஆகியும் அவர்தம் சிறுகாசின் பெயர் மட்டும் போகவில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் வெறுமணற் பரப்பில் ஓலைக்கொட்டகைகளால் ஒரு நகரமே எழும். குளிப்போர், வணிகர், கடைக்காரர், காவலர் என ஆயிரக்கணக்கினர் சில கிழமைகள் வாழ்ந்து கலைவர். அத்தகைய குளிப்புத் தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்து, பின்னர் நின்றது. கூட்டம் கூடிக் கலைந்த மணலிற் காசு உதிர்தல் இயல்பு. கொட்டகை அடித்த ஆணியும் தோணியின் ஆணியும் அதனினும் மிகுதியாக உதிர்தல் அதனினும் இயல்பு.

கருவி இயங்குமாறு

கருவியின் அடியில் வட்டமான ஒரு தட்டு உண்டு. அதனுள் இரு கம்பிச் சுருள்கள் அமைந்துள்ளன. ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கின்றது. நொடிக்குச் சில ஆயிரம் முதல் பல பதினாயிரம் முறை அது திசை மாறும். அதனால் தோன்றும் காந்தப்புலம் மண்ணுட் புகுந்து, அங்குள்ள உலோகத்திற் சுழல் மின்னோட்டத்தை எழுப்பும். அச்சுழலோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கும். அந்த மறுமொழியை இரண்டாஞ் சுருள் ஏற்கின்றது. முதற் சுருளின் புலம் இரண்டாவதனை நேரே தாக்காதவாறு இரண்டும் சமன்செய்து பொருத்தப்பட்டிருக்கும்.

உலோகம் உண்டென்பதை இம்மறுமொழியின் வலிமை அறிவிக்கும். இன்ன உலோகம் என்பதை அறிவிப்பது வலிமையன்று; மறுமொழி எவ்வளவு பின்தங்கி வருகின்றது என்பதே. காந்த இயல்புடையதாய், மின்கடத்தாததாய் உள்ள ஒரு பொருள் புலத்தோடு ஒத்தே இயங்கும். அதனிடம் பின்தங்கல் இல்லை. உப்புநீர் போன்று குறைவாக மின்கடத்தும் பொருள் ஏறத்தாழக் காற்சுற்றுப் பின்தங்கும். தடித்த செம்பும் வெள்ளியும் அரைச்சுற்றினை அணுகும் அளவு பின்தங்கும். மெல்லிய தகடும், ஈயமும், சிறிய பொற்காசும் இவ்விரண்டிற்கும் இடைப்படும். இரும்பு இருவகை இயல்பும் உடையது. காந்தமாக ஒருபுறமும், மின்கடத்தியாக மறுபுறமும் மறுமொழி தரும். சிறு ஆணியிற் காந்த இயல்பு மேலோங்குதலின் அதன் விடை காற்சுற்றிற்கு உட்பட்டு நிற்கும். இந்த வேறுபாட்டைக் கொண்டே கருவி இதனைக் காசென்றும் அதனை இரும்பென்றும் கூறுகின்றது.

ஆகவே கருவி இரும்பை இரும்பாக அறிகின்றதென எண்ணுதல் பிழை. அது பொருளின் உலோகம், பருமன், வடிவம், கிடக்கை ஆகிய நான்கும் கலந்த ஒரே ஓர் எண்ணைத்தான் அறிகின்றது. நொடிக்கு 10,000 முறை மாறும் மின்னோட்டம் செம்பில் ஏறத்தாழ 0.66 மில்லிமீட்டர் ஆழமே செறிந்து ஓடும். மெல்லிய வெள்ளிக்காசும் தடித்த செப்புக்காசும் வெவ்வேறு எண் பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பரந்த இரும்புத் தகட்டிலும், நடுவே துளையுள்ள இரும்பு வளையத்திலும் சுழலோட்டம் தங்குதடையின்றி ஓடுமாதலால், அவை காந்த இயல்பை மறைத்துக் காசினைப் போலவே ஒலியெழுப்பும். சோடாப் புட்டியின் மூடி இவ்வகையிற் பெயர்போன ஏமாற்றுக்காரன்.

தேர்வின் முதற்பாடம்

இக்கருவியின் வரலாற்றிலேயே தேர்வு பற்றிய பாடம் முதலில் நிற்கின்றது. 1881 சூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். உடலுள் தங்கிய குண்டு இருக்குமிடம் மருத்துவர்க்குப் புலப்படவில்லை. தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல், இரு சுருள்களின் சமநிலையைக் கொண்டு குண்டைக் காண ஒரு கருவி அமைத்தார். உள்நாட்டுப் போரிற் குண்டுபட்டு, அக்குண்டினை உடம்பிற் சுமந்துகொண்டிருந்த பழம்போர்வீரர்களிடத்து அதனைத் தேர்ந்தபோது அது நன்கு உணர்த்தியது. ஆனால் தலைவரின் படுக்கையருகே கருவி குழம்பிற்று. மெத்தையிலிருந்த எஃகுச் சுருட்கம்பிகள் அக்குழப்பத்திற்குக் காரணமாயின என்பர். மருத்துவர் குண்டு இருக்குமெனக் கருதிய பக்கத்தையே தேட விட்டமையும் மற்றொரு காரணம். செப்டம்பர் 19ஆம் நாள் கார்பீல்டு இறந்தார். ஈயத்தை இரும்பினின்றும் பிரித்தறிய வேண்டிய இடத்து நேர்ந்த முதல் தவறு இது. கருவி பொய்யன்று, அது தேர்வு பெற்ற இடம் வேறு, பணிசெய்ய நேர்ந்த இடம் வேறு.

இன்று விற்பனைக்கு வரும் கருவிகளிற் பெரும்பாலானவற்றின் பெருமை காற்றிற் செய்த தேர்வினைக் கொண்டே பேசப்படுகின்றது. தட்டின்முன் காசைப் பிடித்து, இத்துணை அங்குலம் வரை ஒலித்தது என்பார்கள். காற்றில் ஆணி இல்லை, உப்பு இல்லை, செம்மணல் இல்லை. அத்தகைய தேர்வு, கடலறியாதவனைக் குளத்தில் நீந்தவிட்டுப் பார்த்துப் பாருக்கு முத்துக்குளிக்க அனுப்புவது போன்றது.

இக்கரை மண்ணின் இடர்கள்

முத்துக் குளித்துறைக் கரையில் நால்வகை மண் அடுத்தடுத்துக் கிடக்கின்றது. கருவிக்கு ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடர்.

சாத்தான்குளம், குதிரைமொழி ஆகிய பகுதிகளிற் பரந்துள்ள தேரி மணல் செந்நிறமுடையது. மணற்பரலின்மேற் படிந்த இரும்புத் துருவே அந்நிறத்திற்குக் காரணம். இல்மனைட்டு, மாக்னடைட்டு முதலிய கருமணற் பரல்களும் அதிற் கலந்துள்ளன. கருவியின் காந்தப்புலம் இம்மணல் முழுவதிலும் மறுமொழியை எழுப்பும். அஃது இரும்பின் மறுமொழியை ஒத்ததாய், காசின் விடையினும் பன்மடங்கு வலியதாய் இருக்கும். மண்ணின் மறுமொழியைக் கருவியிற் கழித்துவிடும் ஏற்பாடு உண்டெனினும், கருமணல் வரிவரியாகப் படிந்துள்ள கடற்கரையில் அடிக்கு அடி கழிவின் அளவு மாறும். ஓரிடத்திற் சரிப்படுத்தியது இரண்டடி தள்ளிப் பொய்க்கும்.

உப்பளங்களும் ஈர மணலும் வேறுவகையிற் கெடுக்கின்றன. கடல்நீரின் மின்கடத்து திறன் செம்பினதைக் காட்டிலும் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு குறைவு. ஆயினும் அதன் அளவு பெரிது. தட்டின்கீழ் உள்ளது முழுவதும் உப்புநீராயின் அதன் விடை சிறு பொற்பணத்தின் விடையை மூழ்கடித்துவிடும். கருவி உப்பினை விலக்குமாறு அமைக்கப்படின், அதே எண்ணிற்கு அருகில் நிற்கும் பொற்பணமும் உடன் விலக்கப்படும். அரைக் கிராமிற்கும் குறைந்த எடையுள்ள பொற்பணம் இக்கரையில் நூற்றாண்டுக் கணக்கில் வழங்கிய நாணயம் என்பதை நினைக்க. துடிப்பு முறையிற் சிறு இடைவெளிவிட்டு மின்னோட்டத்தைச் செலுத்தும் மற்றொரு வகைக் கருவி உப்பிலும் கருமணலிலும் நன்கு தொழிற்படும். அதற்கு விலையாக, இரும்பையும் காசையும் பிரிக்கும் ஆற்றலைப் பெரிதும் இழக்க வேண்டியிருக்கின்றது. ஈரமும் உப்பும் உள்ள இடத்திற் பிரிக்கும் கருவி தடுமாறும். தடுமாறாத கருவி பிரிக்காது.

எஞ்சியவற்றுள் வெண்மணல் எளியது. அதனைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. கொற்கையின் ஆற்று வண்டல் மழைக்கு முன்னும் பின்னும் வேறு வேறு மண்ணாகவே நடந்துகொள்ளும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் செய்த தேர்வினைச் சித்திரை வெயிலில் செய்த தேர்வோடு ஒப்பிடுதல் தகாது.

இவற்றினும் பெரிய இடர் ஆணியின் அண்மை. காசின் பக்கத்தே ஓர் ஆணி கிடப்பின், இரண்டின் விடையும் ஒன்றாகக் கலந்தே சுருளை அடையும். ஆணி மேலும் காசு கீழுமாக இருப்பின், அருகிலுள்ள ஆணியின் குரலே ஓங்கும். தட்டின் அகலத்தைக் காட்டிலும் மிக்க தொலைவில் உள்ள சிறு பொருளின் விடை, தொலைவு இருமடங்காகும்போது 64இல் ஒரு பங்காகக் குறையும். எனவே சிறிது ஆழமும் காசுக்குப் பெருந்தீங்கு. தூத்துக்குடியில் மரத்தோணி கட்டும் தொழில் நெடுங்காலம் நடைபெற்றது. பலகையை இறுக்கிய ஆணிகளின் துண்டுகள் பரவிக் கிடக்கும் அத்தகைய நிலத்தில், இரும்பை விலக்குக எனக் கருவியைப் பணித்தால் அது காசையும் சேர்த்தே விலக்கும், ஒலியின்றி இருக்கும். அவ்வமைதியைக் கேட்பவன் அங்கு ஒன்றுமில்லை என்று கொள்வான்.

தேர்வு செய்யும் முறை

நல்ல தேர்வு எவ்வாறு அமைதல் வேண்டும்? முதலாவது, தேர்விற்குரிய காசு இக்கரையின் பழங்காசை ஒத்திருத்தல் வேண்டும். மேல்நாட்டார் தம் நாட்டுத் தடித்த வெள்ளிக்காசினைக் கொண்டு செய்த தேர்வு நமக்குச் சிறிதே பயன்படும். மெய்யான தொல்பொருளைப் புதைத்து விளையாடுதலும் தகாது. செம்பிலும், ஈயத்திலும், வெள்ளியிலும், பழங்காசின் எடைக்கும் வடிவிற்கும் ஒப்பப் புதிதாக வார்த்த போலிகளே ஏற்றவை. ஈயத்தைச் சிலர் விட்டுவிடுவர். ஆண்டிப்பட்டியிற் கிடைத்த தமிழ் எழுத்துப் பொறித்த காசுகள் ஈயத்தால் ஆனவை என்பதை அவர்கள் மறத்தலாகாது. செம்பினும் ஈயம் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கே மின்கடத்துமாதலின் அதன் விடை செம்பின் விடையினின்றும் நெடுந்தொலைவு விலகும்.

இரண்டாவது, இரும்பு. நேரான புத்தாணியும், வளைந்து துருவேறிய பழைய ஆணியும், தகடும், வளையமும், சங்கிலிக் கண்ணியும் தனித்தனியே வைத்துத் தேர்தல் வேண்டும். முற்றும் துருவாய்ப்போன ஆணி மின்கடத்தும் திறன் இழந்து, சுற்றியுள்ள மண்ணையே சிவப்பாக்கிக் கிடக்கும். அதன் விடை ஆணியின் விடையன்று.

பலகையொன்றின்மேல் நான்கு ஆணிகளைப் பல திசைகளில் பொருத்தி, நடுவே ஒரு காசை வைத்து, எட்டுத் திசையிலிருந்தும் தட்டினை வீசிப் பார்க்கும் ஒரு முறை கருவிப் பயிற்சியாளரிடையே வழக்கில் உண்டு. எளிமையும் பயனும் உடைய முறை அது. வீச்சின் திசை மாறின் விடையும் மாறுவதை அதிற் கண்கூடாகக் காணலாம். ஆணியின் நெடுமைக்கு நேரே வீசும்போது மறைந்த காசு, குறுக்கே வீசும்போது வெளிப்படக் கூடும். தட்டுச் சிறிதாயின் இரண்டையும் தனித்தனியே காண்பது எளிதாகும். ஆழம் மட்டும் குறையும். விரைந்து வீசினால் கருவி ஆணியின் விடையினின்றும் மீள்வதற்குள் காசினைக் கடந்துவிடும்.

மூன்றாவதும் முதன்மையானதும் தேர்வோனின் அறியாமை. காசு எங்கே என்று தெரிந்தவன் கையில் கருவி அழகாகப் பேசும். அவன் தன்னையறியாமலே அவ்விடத்திற் கையை நிறுத்துவான், திரும்ப வீசுவான், ஐயமான ஒலியைக் காசொலியாகக் கேட்பான். ஆதலால் புதைப்பவன் வேறு, தேடுபவன் வேறாதல் வேண்டும். வெறுங்குழிகளும் பல தோண்டி மூடப்படல் வேண்டும். இல்லையேல் கிளறிய மண்ணே காட்டிக்கொடுத்துவிடும். 5, 10, 15, 20 செண்டிமீட்டர் ஆழங்களில், கிடையாகவும் நிமிர்ந்தும் காசை வைத்து, ஒவ்வொரு நிலையிலும் பல முறை தேர்ந்து, தேடியவன் சொன்ன சொல்லை அப்படியே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஐயம் என்று சொன்னதை ஐயம் என்றே எழுதுக.

இருவகைத் தவறு

தேர்வின் முடிபினை நூற்றுக்கு இத்துணை என ஒரே எண்ணாற் கூறுதல் மயக்கந்தரும். தவறு இருவகைப்படும். காசை இரும்பென்று விடுதல் ஒன்று. இரும்பைக் காசென்று தோண்டுதல் மற்றொன்று. இரண்டையும் ஒருங்கே குறைத்தல் அரிது. ஒன்றனைக் குறைக்க மற்றொன்று மிகும்.

எடுத்துக்காட்டாக ஒரு நிலத்தில் 1,000 இரும்புத் துண்டுகளும் 20 காசுகளும் இருப்பதாகக் கொள்வோம். கருவி இரண்டிலும் நூற்றுக்கு 95 முறை சரியாகக் கூறும் எனவும் கொள்வோம். மேம்போக்காகப் பார்ப்பார்க்கு இது மிகச் சிறந்த கருவி. 20 காசுகளில் 19 காசென்றே காட்டப்படும். 1,000 இரும்பில் 50 காசென்று பொய்யாகக் காட்டப்படும். ஆகக் காசென்ற குறிப்புகள் 69. அவற்றுள் மெய்யான காசு 19. தோண்டும் நான்கு குழிகளில் ஏறத்தாழ மூன்று வீணாகும். இரும்பு மிக்க நிலத்திற் சிறந்த கருவியும் இவ்வாறே நடக்கும். தோண்டுவோன் சலித்து, விலக்கும் அளவினை உயர்த்துகின்றான். இப்போது பொய்க்குறிப்புகள் 50 என்பது 10 ஆகக் குறைகின்றன. காசுகளும் 19 என்பது 12 ஆகக் குறைகின்றன என்க. 22 குழிகளில் 12 காசு. பாதிக்கு மேல் வெற்றி. அவன் மகிழ்வான். மண்ணில் தங்கிய 8 காசுகளைப் பற்றி அவன் அறியான்.

அந்த 8 எவை? கண்ணை மூடிக்கொண்டு எடுத்த எட்டல்ல. சிறியவை, ஈயத்தாலானவை, அரிப்புண்டவை, ஆணிக்கு அருகில் கிடந்தவை, ஆழத்திற் கிடந்தவை. அவ்வண்ணமாயின் எஞ்சி வெளிவரும் 12 பெரிய செப்புக்காசுகளும் வெள்ளிக்காசுகளுமே ஆம். அவற்றைக் கண்ட ஆராய்ச்சியாளர், இவ்வூரில் ஈயக்காசு வழங்கவில்லை, பொற்பணம் வழங்கவில்லை, குடியிருப்பின் பிற்பகுதிக் காசுகளே மிகுதி என எழுதுவாராயின், அவர் எழுதியது கொற்கையின் வரலாறன்று, கருவியின் பொறியமைப்பு. யாம் இக்கட்டுரையில் அஞ்சுவது இதனையே. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்தெடுப்போர் வழியாகச் சங்ககாலக் காசுகள் பல வெளிவந்தன. அவை பெரும்பயன் தந்தன. எனினும் எந்த மண்ணடுக்கில் எதனோடு கிடந்தன என்னும் செய்தி அவற்றோடு வரவில்லை. அரித்தவர் சல்லடையாவது கண்ணளவு ஒன்றே உடையது. உலோக வேறுபாடு பாராதது.

இரும்பு குப்பையோ?

இதுகாறும் இரும்பைக் குப்பையென்று கூறும் வழக்கினை மறுக்காமல் வந்தோம். இனி அதனை மறுத்தல் வேண்டும். ஆதிச்சநல்லூரில் 1876இல் செருமானியராகிய சாகோரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் இரீயும் அகழ்ந்தபோது பொன்னாலான நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் கிடைத்தன. அவற்றோடு வாளும் வேலும் பிறவுமாய் இரும்புப் பொருள்கள் மிகுதியாகக் கிடைத்தன. 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கு மீண்டும் அகழ்ந்தனர். அதே தாமிரபரணிப் படுகையைச் சார்ந்த சிவகளையில் இரும்போடு கிடைத்தவற்றின் காலக்கணிப்புகளுள் ஒன்று கி.மு. 3345 எனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்டது. அறிஞரிடையே அது பெரும் ஆராய்ச்சியை எழுப்பியுள்ளது. அம்முடிபு எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. இரும்பை விலக்குமாறு அமைத்த கருவியோடு ஒருவன் சிவகளையில் நடந்திருப்பின், தமிழ்நாட்டு வரலாற்றின் மிகப் பெரிய வினாவை மிதித்துக்கொண்டே ஒலியின்றிக் கடந்திருப்பான்.

கடலினுள் முறையே தலைகீழாகின்றது. ஆழத்திற் கப்பலைத் தேடுவோர் காந்தமானியைக் கொண்டு இரும்பையே முதலிற் தேடுவர். அக்கருவி பொன்னையும் வெள்ளியையும் சிறிதும் அறியாது; பீரங்கியும் நங்கூரமும் கிடக்குமிடத்தை அறிவிக்கும். கப்பல் கிடக்குமிடத்திற் காசும் கிடக்கலாம் என்பது பின்னர்க் கொள்ளும் ஊகம். 1961இல் இலங்கையின் தென்கரைக்கு அப்பால் பெரிய இராவணன் கோட்டைப் பாறையருகே சிதைந்த கப்பலொன்று கண்டறியப்பட்டது. ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அடித்த, இசுலாமிய ஆண்டு 1113 பொறித்த வெள்ளி ரூபாய்கள் அங்குப் பை உருவிலேயே இறுகிய கட்டிகளாகக் கிடைத்தன. அங்குத் துணை செய்தவை முக்குளிப்போரின் கண்களே. பீரங்கிகளும் அதே இடத்தில் கிடந்தன.

கருவியை முற்றும் விலக்குக என்பாரோடும் யாம் உடன்படுகிலேம். அமெரிக்காவில் 1876இல் போர் நடந்த லிட்டில் பிக்கார்ன் களத்தில், 1983இல் தீ புல்லை எரித்த பின், 1984 முதல் ஆய்வாளர் இக்கருவிகளை வரிசையாகப் பிடித்து நடந்து, ஒலித்த ஒவ்வோரிடத்திலும் கொடி நட்டு, கிடக்கையை அளந்து, பின்னரே தோண்டினர். தோட்டா உறைகளின் கிடக்கையைக்கொண்டு வீரர் நகர்ந்த வழியையே அவர்களால் வரைய முடிந்தது. செருமனியில் கால்க்ரீசு என்னுமிடத்தில் 1987இல் கருவி வழியே கிடைத்த உரோமக் காசுகளும் ஈயக் கவண்குண்டுகளும் ஒரு பழம்போர்க்களத்தைக் காட்டிக்கொடுத்தன. இரண்டிடத்தும் கருவி பயன்பட்டதற்குக் காரணம், கண்டது கண்ட இடத்தோடு பதியப்பட்டமையே. கொற்கைக்கும் காயலுக்கும் ஏற்ற முறை இதுதான் என்பது எம் கருத்து: விலக்கும் அமைப்பினை நிறுத்திவிட்டு எல்லா உலோகத்தையும் ஒலிக்க விடுக, கருவி கூறும் எண்ணைக் குறித்துக்கொள்க, எடுத்தபின் உண்மையில் அஃது என்ன என்பதை அதன் எதிரே எழுதுக. இவ்வாறு எழுதிய பதிவேடே அந்நிலத்தில் அக்கருவிக்குரிய மெய்யான தேர்வாகவும் அமையும். தனித் தேர்விற்காகப் போலிகளைப் புதைத்தல் தொடக்கத்திற்கு மட்டுமே வேண்டும்.

தனியார் இத்தகைய தேடலில் இறங்குவதற்குச் சட்டத்தின் தடைகள் உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்பெற்ற இடங்களில் உரிமம் இன்றித் தோண்டுதல் குற்றம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் 100 ஆண்டுக்குக் குறையாத காசைத் தொல்பொருளெனக் கொள்கின்றது. மாணவர் எவரேனும் இக்கட்டுரையைக் கண்டு கருவியோடு புறப்பட எண்ணின், முதலில் துறையின் இசைவைப் பெறுக.

இன்னுமொரு செய்தி எஞ்சியுள்ளது. காசென்றும் இரும்பென்றும் இருவேறாகப் பிரிப்பது நம் நாட்டு மேல்மண்ணில் இப்போது பொருந்தவே பொருந்தாது. 1988இல் 10, 25, 50 காசு நாணயங்களும், 1992இல் ஒரு ரூபாய் நாணயமும், 2005இல் இரண்டு ரூபாய் நாணயமும் காந்தம் பற்றும் எஃகினால் அடிக்கப்பட்டன. அவ்வெஃகில் நூற்றுக்கு 83 பங்கு இரும்பு, 17 பங்கு குரோமியம். இன்று கையிலுள்ள ஒரு ரூபாயைக் காந்தத்தருகே கொணர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். அது தட்டையான வட்டமாதலின் கருவி அதனை ஒருகால் காசென்றும் ஒருகால் இரும்பென்றும் கூறும். அவற்றிற்கு முன் வழங்கிய அலுமினியக் காசுகளோ தகட்டுத் துண்டின் எண்ணைப் பெறும். திருச்செந்தூர்க் கடற்கரையில் அடியார் தவறவிட்ட நாணயங்களும் புட்டி மூடிகளும் கலந்து கிடக்கும் மேல்மண்ணில், இரண்டு எண்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். தேர்வுக்கென நிலம் தெரிந்தெடுப்போர் அம்மேலடுக்கினை ஒரு சாண் ஆழம் அரித்து நீக்கிய பின்னரே போலிகளைப் புதைத்தல் நலம். நீக்கியவற்றையும் எண்ணி, எடைபார்த்துப் பதிவேட்டின் முதற்பக்கத்திற் சேர்த்தல் வேண்டும்.